பனிப்பலகையின் எஃகு விளிம்பு: ஒரு வரலாற்று நோக்கு

கார்த்திகை பிறந்து முதற்பனி விழுந்ததும், சென்ட் லோரன்டில் எம்மவர் வாழும் அடுக்குமாடி வீடுகளின் முன்றிலிலும் நிலக்கீழ் அறைகளிலும் நீண்ட பலகையொன்று சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பிள்ளைகள் அதனை 'ஸ்னோபோர்ட்' என்பர். நாம் பனிப்பலகை என்போம். இரு கால்களையும் ஒரே பலகையிற் பிணைத்துக்கொண்டு மலைச்சரிவிற் சறுக்கி இறங்குவது இவ்விளையாட்டு. பெற்றோருட் பலர் இதனை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி, விலையைக் கேட்டுப் பெருமூச்செறிவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆயினும் அப்பலகையின் அடியோரத்தைக் கூர்ந்து நோக்குவோர், அதனைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் அளவான எஃகுக் கம்பி ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். பிள்ளை நிற்பதும் திரும்புவதும் விழாதிருப்பதும் அந்த இரண்டு மில்லிமீற்றர் எஃகையே பொறுத்தவை. அவ்விளிம்பு எவ்வாறு தோன்றியது, அதனை ஏன் வீட்டிலேயே தீட்டிப் பேணவேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோலும் விளிம்பும்

பனியிலும் பனிக்கட்டியிலும் மனிதன் நடமாடிய வரலாற்றை ஒரு சொற்றொடரில் அடக்குவதாயின், கோலை விட்டு விளிம்பைப் பற்றிய வரலாறு எனலாம்.

வட ஐரோப்பாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மிகப் பழைய சறுக்குக் காலணிகள் விலங்குகளின் எலும்பினால் ஆனவை. வழவழப்பான எலும்பு பனிக்கட்டிமீது நன்கு வழுக்கும். ஆனால் அதைப் பற்றிக்கொள்ளாது. காலால் உதைத்து முன்னேற இயலாமையால், கூர்முனைக் கோலொன்றைக் கையிற் பிடித்து ஊன்றித் தள்ளிக்கொண்டே மக்கள் சென்றனர். பின்னர் ஒல்லாந்து தேசத்தார் இரும்புத் தகட்டை மரக்கட்டையிற் பொருத்தி, அதன் ஓரத்தைக் கூராக்கினர். கூரிய ஓரம் பனிக்கட்டியைக் கவ்வியது. காலால் உதைத்தால் உடல் முன்னே சென்றது. அன்றே கோல் தேவையற்றதாயிற்று.

'ஸ்கீ' எனப்படும் சறுக்குக்கட்டையின் வரலாறும் இத்தகையதே. சுவீடன் நாட்டில் கால்வ்ட்ரஸ்க் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட சறுக்குக்கட்டை ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள் பழைமையானது. அதனோடு ஒரு கோலும் கிடைத்தது. அக்கோலின் ஒரு முனை பனியை அள்ளும் அகப்பை போன்று செதுக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் சறுக்குவோர் ஒற்றைக் கோலொன்றையே நம்பியிருந்தனர். வேகத்தைக் குறைக்க வேண்டுமாயின் அதன்மீது சாய்ந்தனர். சிலர் அதன்மேல் அமர்ந்தே இறங்கினர்.

எமது நகருக்கும் இக்கோலுக்கும் தொடர்புண்டு. 1879ஆம் ஆண்டில் மொன்றியலில் வாழ்ந்த பர்ச் என்னும் நோர்வேக்காரர் ஒருவர், ஒன்பது அடி நீளமான சறுக்குக்கட்டைகளை அணிந்து, கையில் ஒற்றைக் கோலுடன் கியூபெக் நகர்வரை சென்றதாக அக்காலப் பத்திரிகையொன்று எழுதியது. பனிச்சப்பாத்து அணிந்து நடப்பதையே அறிந்திருந்த மொன்றியல் மக்களுக்கு அக்காட்சி புதுமையாயிருந்தது. புதிய நாட்டிற்கு வந்த ஒருவர் தமது ஊரின் பொருளைக் கொண்டுவந்து காட்டினார். இந்நாட்டவர் அதைக் கற்றுக்கொண்டனர். இதை நாம் மனத்திருத்துதல் நன்று.

அதே நோர்வேயின் டெலமார்க் மாவட்டத்தில், மோர்கெடால் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் சொன்ட்ரே நூர்ஹைம் (1825-1897). குத்தகைக் குடிலில் வாழ்ந்த ஏழை அவர். கட்டையின் நடுப்பகுதியை ஒடுக்கி இருமுனைகளையும் அகலமாக வைக்கும் அமைப்பைப் பரப்பியவராக அவர் போற்றப்படுகிறார். நடு ஒடுங்கிய கட்டையைச் சரித்து நின்றால், அதன் வளைந்த ஓரம் பனியில் வில்போன்ற கோட்டை வரைந்து தானே திரும்பும். குதிக்காலைச் சுற்றிய கட்டும் சேர்ந்தமையால், கோலை நம்பாது ஓரத்தை நம்பித் திரும்புவது இயல்வதாயிற்று. இன்று எம் பிள்ளைகள் ஏறி நிற்கும் பலகையின் இடையும் அவ்வாறே ஒடுங்கியிருப்பதைக் காணலாம். நூர்ஹைம் வறுமை காரணமாக 1884ஆம் ஆண்டு குடும்பத்துடன் அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்தார். வட டகோட்டாவின் சமவெளியிலே, சறுக்குவதற்கு மலையொன்றும் இல்லாத ஊரில், 1897இல் மறைந்தார்.

மர ஓரத்திலிருந்து எஃகு ஓரத்திற்கு

அக்காலக் கட்டைகள் யாவும் மரத்தாலானவை. புதுப்பனியில் மர ஓரம் போதுமானது. இறுகிய பனியிலோ ஓரிரு நாட்களில் அது மழுங்கி உருண்டுவிடும். இக்குறையை நீக்கியவர் ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க்கைச் சேர்ந்த மலையேறி ருடோல்ஃப் லெட்னர். 1926ஆம் ஆண்டில் அவர் எஃகு விளிம்பை அறிமுகஞ் செய்தார். அது ஒரே நீளமான கம்பியன்று. சிறு சிறு எஃகுத் துண்டுகளை வரிசையாக வைத்துத் திருகாணிகளால் முடுக்கியது. ஒரே கம்பியாயின் மரம் வளையும்போது அது தடுத்திருக்கும். துண்டுகளாயமைந்தமையால் மரம் தன்னியல்பில் வளைந்தது. ஆயினும் துண்டுகள் அடிக்கடி கழன்றன. கழன்றவற்றை மீண்டும் முடுக்குவது சறுக்குவோரின் அன்றாட வேலையாயிற்று. ஆகவே, எஃகு விளிம்பு பிறந்த நாளிலிருந்தே அதனை வீட்டிற் பேணும் வேலையும் கூடவே பிறந்தது எனலாம்.

அமெரிக்காவில் விமானத் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஹவார்ட் ஹெட், அலுமினியத் தகடுகளுக்கிடையே மரத்தை வைத்து ஒட்டிய கட்டையை 1950ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் உலோகமும் கண்ணாடியிழையும் பெருகின. எஃகு விளிம்பு முடுக்கப்படும் பொருளாக இல்லாது, கட்டையின் உடலோடு ஒட்டிய முழுக்கம்பியாக அமைந்தது. கழலும் தொல்லை நீங்கியது. மழுங்கும் தொல்லை மட்டும் நீங்கவில்லை. இன்றும் நீங்கவில்லை.

லோரன்ஷியன் மலைகள்

சென்ட் லோரன்டிலிருந்து 15ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே வடக்கே ஒரு மணித்தியாலம் சென்றால் லோரன்ஷியன் மலைகளை அடையலாம். மொன்றியல் சறுக்குக் கழகம் 1904ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் மவுண்ட் றோயல் குன்றே அவர்களது களமாயிருந்தது. பின்னர் புகையிரதம் அவர்களை வடக்கே கொண்டு சென்றது. நோர்வேயிலிருந்து வந்த ஹேர்மன் சிமித் யொஹான்சன் என்பவர் 1930களில் அம்மலைக் காடுகளூடாக நெடும்பாதைகளை வெட்டினார். 'ஜாக்றபிற்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவர், 1875இற் பிறந்து 1987இல், நூற்றுப் பதினொரு வயதில் மறைந்தார்.

அதே 1930களின் தொடக்கத்தில், இன்று பிரேவோ நகரின் பகுதியாகவுள்ள ஷோபிரிட்ஜ் என்னும் ஊரில், அலெக்ஸ் ஃபொஸ்டர் என்பவர் பழைய மோட்டார் வண்டியொன்றின் சக்கரத்திற் கயிற்றைச் சுற்றி, சறுக்குவோரை மேலே இழுக்கும் பொறியை அமைத்தார். வட அமெரிக்காவின் முதல் இழுவைப் பொறிகளுள் அதுவும் ஒன்று. இதனால் விளைந்த மாற்றம் பெரிது. அதற்கு முன்னர் மலையேறுவதற்கே நாளின் பெரும்பகுதி கழியும். ஒருவர் ஓரிரு முறையே இறங்குவார். கயிறு வந்தபின் ஒரே சரிவில் நூற்றுக்கணக்கானோர் மீண்டும் மீண்டும் இறங்கினர். பனி மிதிபட்டு இறுகிப் பாறைபோலாயிற்று. மென்பனியில் ஆடம்பரமாயிருந்த எஃகு விளிம்பு, இறுகிய பனியில் இன்றியமையாததாயிற்று.

கயிறு கட்டிய பலகை

பனிப்பலகையின் பிறப்பு மிக அண்மையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், 1965ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக்கட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தார். பனி, அலைச்சறுக்கு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை இணைத்து அவரது மனைவி அதற்கு 'ஸ்னேர்ஃபர்' என்று பெயரிட்டார். அதற்கு எஃகு விளிம்பு இல்லை. நுனியிற் கட்டிய கயிற்றைப் பிடித்தபடியே நிற்கவேண்டும். கோல் போய்க் கயிறு வந்தது என்க.

1977ஆம் ஆண்டில் கியூபெக்கின் அயல் மாநிலமாகிய வேர்மொன்டில் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர் என்னும் இளைஞர் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். 2019இல் அவர் மறையும்போது அவரது பெயர் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் சறுக்குத் தலங்களிற் பெரும்பாலானவை பனிப்பலகையை உள்ளே விடவில்லை. கட்டுக்கடங்காத இளைஞரின் விளையாட்டு என்பதும், விளிம்பில்லாப் பலகையை இறுகிய பனியில் அடக்க இயலாது என்பதும் அவர்கள் கூறிய காரணங்கள். 1980களின் நடுப்பகுதியிற் பலகைகளுக்கும் எஃகு விளிம்பு வந்தது. கயிறு மறைந்தது. தடைகளும் ஒவ்வொன்றாக நீங்கின. 1998ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோவில் பனிப்பலகை முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, ஆடவர் பெருவளைவுப் போட்டியிற் தங்கம் வென்றவர் கனடாவின் ரொஸ் ரெபக்லியாட்டி. மொன்றியலிற் பிறந்த ஜேசி ஜே ஆண்டர்சன் 2010இல் வன்கூவரில் தங்கம் வென்றார். தமக்கு வேண்டிய பலகையைத் தாமே செய்து பார்க்கும் ஆர்வமும் அவருக்கிருந்தது.

கியூபெக்கின் பனிக்கட்டி

மேற்கு மலைகளில் விழும் பனி உலர்ந்தது, ஆழமானது. எமது கிழக்குப் பகுதியின் பனி அவ்வாறன்று. இன்று உறைபனி, நாளை மழை, மறுநாள் கடுங்குளிர் என மாறி மாறி வருவதால், உருகிய நீர் மீண்டும் உறைந்து சரிவெங்கும் கண்ணாடிபோற் படிகிறது. பொறிகளாற் தூவப்படும் செயற்கைப் பனியும் இயற்கைப் பனியினும் இறுக்கமானது. 1998ஆம் ஆண்டு தைமாதத்து உறைமழையை எம்மவர் மறந்திருக்கமாட்டார். மின்கம்பங்கள் முறிந்து நாட்கணக்காக இருளில் இருந்தோம். வாசற்படியில் இறங்கவே அஞ்சினோம். அத்தகைய நிலத்தின் மீதுதான் எம் பிள்ளைகள் பலகையேறி இறங்குகின்றனர்.

எமது வீட்டிலும் ஒரு பாடம் கற்றோம். பாவித்த பொருட்கள் விற்குமிடத்தில் மலிவாகக் கிடைத்ததென்று மகனுக்குப் பலகையொன்று வாங்கிக் கொடுத்தோம். அதன் வண்ணத்தைப் பார்த்தோமேயன்றி விளிம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. அது விரல்நகம் போல் உருண்டிருந்தது. மாசிமாதத்து ஞாயிறொன்றில் பனிக்கட்டித் திட்டொன்றின்மேல் அவன் திரும்ப முயன்றபோது, பலகை பக்கவாட்டில் வழுக்கியது, விழுந்து கையை ஊன்றினான், மணிக்கட்டு முறிந்தது. பனிப்பலகையோரிடையே மிகப் பொதுவான காயங்களுள் மணிக்கட்டு முறிவும் ஒன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். மாவுக்கட்டுடன் வீடு வந்தவன் சொன்னது ஒரு வசனந்தான்: "அப்பா, பலகை பிடிக்கேல்லை." குறை மலையிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. எம் அறியாமையில் இருந்தது.

எமது ஊரின் தீட்டுக்கல்

கூராக்கும் கலையை எமது சமூகம் அறியாததன்று. யாழ்ப்பாணத்துப் பனங்காணிகளில் மரமேறுந் தொழிலாளர், மரத்துண்டொன்றில் வெண்கற்பொடியைத் தூவிப் பாளைக்கத்தியைத் தீட்டுவதைச் சிறுவயதில் நாம் பார்த்திருக்கிறோம். பாளையை மெல்லிய சீவலாகச் சீவினாற்தான் கள் தொடர்ந்து சுரக்கும்; மழுங்கிய கத்தி பாளையை நசித்துக் கெடுத்துவிடும். ஆகவே மரமேறுமுன் கூர் பார்ப்பது அவர்களுக்கு நாள்தோறுமுள்ள கடமை. சவரத் தொழிலாளரின் தோல்வார், தச்சரின் அரம், கொல்லரின் சாணைக்கல் என எமது ஊரெங்கும் இவ்வறிவு நிறைந்திருந்தது. இன்று பனிப்பலகைக்குப் பயன்படும் வைரப்பொடி பூசிய சிறு தகடும், அந்த வெண்கற்பொடி தூவிய மரத்துண்டும் தத்துவத்தால் ஒன்றே: இரும்பினும் வன்மையான நுண்பொடியால் இரும்பை உரைத்தல்.

ஆனால் எழுத்தும் கணக்கும் கற்ற எம்போன்றோர் அவ்வறிவைக் கற்கவில்லை. அதைக் கையிற் கொண்டிருந்தோரைத் தாழ்வாகவும் நடத்தினோம். வகுப்பறையில் வள்ளுவரை விளக்கிய நாம், அவர் உவமையாக்கிய அரத்தை ஒருமுறையேனும் கையிற் பிடித்ததில்லை. இதனை எழுத நாணமாயிருப்பினும் எழுதவேண்டியிருக்கிறது. இந்நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஆண்டுகளிலேதான், ஒரு கருவியைக் கூராக வைத்திருப்பதற்கு எவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டுமென்பதை உணர்ந்தோம்.

வீட்டிற் தீட்டும் முறை

கடைகளிற் கொடுத்தால் இயந்திரத்தாற் தீட்டித் தருவர். ஒவ்வொரு முறையும் அதற்குப் பணம் செலவாகும். இயந்திரம் வேண்டியதற்கு மேலாகவும் எஃகைத் தேய்த்துவிடக்கூடும். வீட்டில் வேண்டுவன மிகச் சில: நுண்பல் தட்டை அரம் ஒன்று, அதைக் குறித்த கோணத்திற் பிடித்துக்கொள்ளும் சிறு பிடி, வைரப்பொடித் தகடு, இறப்பர் போன்ற மென்கல், தடித்த கையுறை.

விளிம்புக்கு இரு முகங்கள் உண்டு: அடிமுகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று. அடிமுகம் பெரும்பாலும் ஒரு பாகை அளவு சரிவாக ஆலையிலேயே அமைக்கப்பட்டிருக்கும். வீட்டிற் தீட்டுவோர் அதனைத் தொடாதிருத்தல் நலம். அங்கே கூடுதலாகத் தேய்த்தால் மீட்பது கடினம். தீட்டவேண்டியது பக்கமுகமே. அதற்கு ஒரு பாகை அல்லது இரண்டு பாகைச் சரிவு போதும்.

பலகையை மேசையில் அசையாது நிறுத்தி, விளிம்பை முதலில் ஈரமின்றித் துடைக்கவேண்டும். கல்லில் மோதிய இடங்களில் எஃகு சூடேறி இறுகியிருக்கும். அங்கே அரம் கவ்வாது வழுக்கும். அவ்விடங்களை முதலில் வைரத் தகட்டால் உரைத்து இளக்கவேண்டும். பின்னர் பக்கமுகத்தில் மாக்கர் பேனையாற் கறுப்புக் கோடிட்டு, அரத்தை நுனியிலிருந்து வால்வரை ஒரே திசையில், மெல்லிய அழுத்தத்துடன் நீளமாக இழுக்கவேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பது பெரும்பிழை. முதன்முறை நாம் தேங்காய் துருவுவதுபோல் தேய்த்து விளிம்பை அலையலையாக்கினோம்! கறுப்புக் கோடு ஒரே சீராக மறைந்தால் கோணம் சரியென்று கொள்ளலாம். அரத்தின் பற்களிற் சேரும் எஃகுத் துகளை அடிக்கடி தூரிகையால் நீக்கவேண்டும். அன்றேல் அத்துகளே விளிம்பைக் கீறும்.

அரம் போட்டபின் விளிம்பிற் கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழுந்திருக்கும். அதனை வைரத் தகட்டாலும் மென்கல்லாலும் நீக்கவேண்டும். நுனியும் வாலும் மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடங்களுக்கு அப்பால் விளிம்பைச் சற்று மழுங்க விடுவது வழக்கம். அங்கே மிகு கூர் இருப்பின் எதிர்பாராத வேளையிற் பனியைக் கவ்விப் பிள்ளையைக் குப்புற வீழ்த்தும். கூர் போதுமா என அறிய, நகத்தின் மேற்பரப்பை விளிம்பில் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். வெண்பொடிபோல் நகம் சீவப்படின் போதும். விரலை மட்டும் விளிம்பின் வழியே ஓட்டலாகாது.

தீட்டுவதினும் முதன்மையானது கறள் பிடிக்காது காப்பதே. மொன்றியல் வீதிகளில் உப்புத் தூவப்படுகிறது. வண்டியின் கூரையிற் கட்டிச் செல்லும் பலகையில் அவ்வுப்புநீர் தெறிக்கிறது. வீடு வந்ததும் துடைத்து உலர்த்தாவிடின் ஓரிரவிலேயே செம்புள்ளிகள் தோன்றும். பங்குனி முடிந்து பலகையை ஒதுக்கிவைக்கும்போது, அடியிலும் விளிம்பின் மேலும் தடிப்பாக மெழுகு பூசி, ஈரமில்லா இடத்தில் வைக்கவேண்டும். அடுத்த கார்த்திகையில் அம்மெழுகைச் சுரண்டியதும் எஃகு பளபளப்பதைக் காணலாம்.

தேய்ந்தே கூராதல்

வள்ளுவர் அரத்தைக் கூர்மைக்கும் உவமையாக்கினார், தேய்வுக்கும் உவமையாக்கினார். இரண்டும் ஒன்றையொன்று பிரியாதவை. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் எஃகு சிறிது குறைகிறது. இரண்டு மில்லிமீற்றர் என்பது முடிவுள்ள செல்வம். ஆகவே அடிக்கடி சிறிதாகத் தீட்டுவோர் அதனைப் பல ஆண்டு காப்பர்; முற்றாக மழுங்கும்வரை விட்டுப் பின் ஒரேயடியாக அராவுவோர் விரைவில் இழப்பர்.

வழுக்கும் நிலத்திற் கோலின்றி, கயிறின்றி நிற்பதற்கு மனிதனுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. அவ்வரலாற்றில் இடம்பெற்றோருட் பலர் ஏழைகள், கைவினைஞர், தாய்நாட்டை விட்டு வந்தோர். பனியறியாத நாட்டிலிருந்து வந்த எம் பிள்ளைகளும் இன்று அவ்வரிசையிற் சேர்ந்துள்ளனர். அவர்களோடு மலையேற எம் முழங்கால்கள் இடந்தரா. ஆயினும் சனிக்கிழமை இரவில் நிலக்கீழ் அறையில் அமர்ந்து, மகனோ மகளோ பலகையைப் பிடிக்க, நாம் அரத்தை இழுக்கலாம். மகனின் மணிக்கட்டு தேறிய பின்னர் எமது வீட்டில் அதுவே வழக்கம். பேச்சு குறைந்துபோன தந்தைக்கும் பிள்ளைக்குமிடையே அந்த அரைமணி நேரத்திற் தமிழும் சிறிது புழங்குகிறது. அரம், பிசிறு, கறள், தீட்டு என்னும் சொற்களை எம் மகன் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை; அங்கேதான் கற்றான்.